பாதிப் பேர் போதும் என்றார்கள்

குப்பை வண்டி ஓட்டப் போன முதல் நாள் காலையில், நான் ஷெட்டுக்குள் நுழைந்ததும் அங்கே நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஊர் ஊராகப் போய்ப் பிழைப்பவனுக்கு இது பழக்கம்தான். புது இடத்தில் என்ன பேசுகிறார்கள் என்பதைவிட, நம்மைக் கண்டதும் எந்தப் பேச்சு நிற்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அன்றைக்கு நின்றது வயல் பேச்சு. நாற்று பறித்தாயிற்றா என்று ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பிளீச்சிங் பவுடர் வந்துவிட்டதா என்று மாற்றிவிட்டாள்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு சின்னப் பேரூராட்சி. நடுவில் கடைத்தெரு, மீன் மார்க்கெட், பள்ளிவாசல், பேருந்து நிலையம். நாலு பக்கமும் எந்தத் தெருவில் நடந்தாலும் கடைசியில் வயலில் போய்த்தான் முடியும். அதற்கு முன்னால் நான் அதிராம்பட்டினத்தில் மீன் பெட்டிக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் முன்னால் ஒரத்தநாட்டில் மாட்டுத் தீவன லாரி, கேரளத்தில் பரோட்டாக் கடை, திருப்பூரில் பனியன் கம்பெனி. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். எந்த ஊரிலும் இரண்டு தீபாவளி கொண்டாடியதில்லை.

பேரூராட்சி வேலை என்று சொன்னாலும் அது பேரூராட்சி வேலை இல்லை. தெருக் கூட்டுவதற்கும் சாக்கடை அள்ளுவதற்கும் வண்டி ஓட்டுவதற்கும் ஆள் அனுப்பும் பொறுப்பை ஒரு தனியார் கம்பெனிக்கு ஒப்பந்தம் விட்டிருந்தார்கள். பேரூராட்சி கம்பெனிக்குக் கொடுக்கும், கம்பெனி எங்களுக்குக் கொடுக்கும். இடையில் அந்தப் பணம் எங்கே போய்த் தூங்கிவிட்டு வரும் என்று யாருக்கும் தெரியாது. நிரந்தர ஊழியர் என்றால் மேஸ்திரி ஒருவர்தான். தெருத் தெருவாக ஆள் பிரித்துவிடுவதும், காலையில் வருகைப் பதிவு போடுவதும் அவர் வேலை.

என்னை எடுத்த கம்பெனி ஆள், லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, எழுதப் படிக்கத் தெரியுமா என்றும் கேட்டான். டீசல் கணக்கு எழுதத்தான். ஆனால் ஷெட்டில் அந்தச் செய்தி வேறு மாதிரி போய்ச் சேர்ந்துவிட்டது. வெளியூர்க்காரன், படிக்கத் தெரிந்தவன், கம்பெனி நேராகக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறது. அப்படியென்றால் வேவு பார்க்கத்தான். எனக்கு "டிரைவர் சார்" என்று பட்டம் வைத்துவிட்டார்கள். அந்த ஷெட்டில் மேஸ்திரியைக்கூட யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை.

அங்கே ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கூட்டுகிற தெருதான் பெயர். பள்ளிவாசல் தெருவை ஒருத்தி கூட்டினால் அவள் பள்ளிவாசல் தெரு. மீன் மார்க்கெட் என்று ஒருத்தி இருந்தாள். வாட்டசாட்டமானவள், குரல் கடைத்தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கேட்கும். பேருந்து நிலையத்தைக் கூட்டும் அக்காவை பஸ் ஸ்டாண்டு அக்கா என்பார்கள். அவர்தான் அங்கே மூத்தவர். வலது முழங்கால் மடங்காது. நிலையத்துக்குள் பின்னோக்கி வந்த மினி பஸ் ஒன்று தட்டிவிட்டுப் போனதாம்.

சம்பா நடவு தொடங்கியபோதுதான் நான் அதைப் பார்த்தேன். விடிவதற்குள் எல்லோரும் ஷெட்டுக்கு வருவார்கள். மேஸ்திரி தன் போனை ஒவ்வொருத்தர் முகத்துக்கு நேராகவும் பிடிப்பார். கண்ணைச் சிமிட்டினால் பச்சை விழும், வருகை பதிவாகிவிடும். ஒரு நாளைக்கு ஒருமுறைதான். சிமிட்டி முடித்ததும் பாதிப் பேர் துடைப்பத்தை எடுப்பார்கள். மீதிப் பாதி ஷெட்டின் பின்பக்கமாகப் போய், அங்கே நிற்கும் லோடு ஆட்டோவில் ஏறி, பக்கத்துக் கிராமங்களுக்கு நடவுக்குப் போய்விடுவார்கள். மதியத்துக்கு மேல் முழங்கால் வரை சேற்றோடு வந்து இறங்குவார்கள்.

மேஸ்திரி தின்கிறார் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அதில் எனக்குக் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. திருப்பூரில் லைன் சூப்பர்வைசர் ஓவர்டைமில் எடுப்பான். அதிராம்பட்டினத்தில் ஐஸ் நிறுப்பவன் எடையிலேயே எடுப்பான். இங்கே ஆள் இல்லாத நாளுக்குச் சம்பளம் விழுகிறது. அதில் பாதி மேஸ்திரிக்குப் போகாமல் வேறு எங்கே போகும்? அவரிடம் புது பைக் இருந்தது. அவர் வீட்டு வாசலில் நெல் மூட்டை அடுக்கியிருந்ததையும் பார்த்தேன். எனக்கு அது போதும்.

ஒரு நாள் ஷெட் குழாயில் அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது நேராகவே கேட்டேன்.

"மேஸ்திரி, காலையில ஆட்டோ ஏறிப் போறாங்களே, அதுல எனக்கு ஒண்ணும் கிடையாதா?"

அவர் முதலில் வாசலைப் பார்த்தார். பிறகு குழாயை மூடினார்.

"யாரு கேக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் கேக்குறேன்."

"கம்பெனியா, ஆபீஸா?"

நானாகத்தான் கேட்டேன் என்பதை அவர் நம்பவே இல்லை. பங்கு கேட்பவனைப் புரிந்துகொள்வது சுலபம். பங்கு கேட்கச் சொல்லி அனுப்பப்பட்டவன் என்று நினைத்துவிட்டால் அப்புறம் எதுவும் பேச முடியாது. மறுநாளிலிருந்து அவர் என் வண்டியின் டீசல் டேங்கில் குச்சி விட்டு அளந்து பார்க்கத் தொடங்கினார்.

இரண்டு நாள் கழித்து, பஸ் ஸ்டாண்டில் குப்பை டப்பாக்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது அக்கா என் முகத்தைப் பார்க்காமலே பேச்சை எடுத்தார்.

"மேஸ்திரிகிட்ட பங்கு கேட்டீங்களாமே."

என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். மற்ற வண்டிக்காரர்களை, கடைப் பையன்களை எல்லாம் வாப்பா போப்பா என்பவர் என்னை மட்டும் நீங்க நாங்க என்றுதான் பேசுவார். அது மரியாதை இல்லை, தள்ளி வைப்பது என்று எனக்குத் தெரியும்.

"பங்கு கேக்க அங்க என்னங்க இருக்கு? இன்னிக்கு அவ நடவுக்குப் போறா, அவ தெருவ நான் கூட்டுறேன். மழ புடிச்சா என் சாக்கடையில அவ எறங்குறா. இதுல காசு எங்க வந்துச்சு? உங்க ஊர்ல ஒருத்திக்கு ஒருத்தி தெருக் கூட்டுறதுக்கும் கமிஷன் உண்டா?"

அதை அவர்கள் மாத்தாள் என்றார்கள். வயலில் ஒருத்தி வர முடியாத நாளில் அவளுக்குப் பதிலாக இன்னொருத்தி இறங்குவதும், பிறகு அவள் அதைத் திருப்பிச் செய்வதும் அந்தப் பக்கம் நடப்பதுதான். வயலிலிருந்து வந்தவர்கள் அதை அப்படியே தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நடவுக்குப் போக முடியாத அக்கா எல்லோருக்கும் மாத்தாள். அவர் கூட்டிக் கொடுத்த தெருக்களுக்கெல்லாம் சேர்த்து, மழைக்காலத்தில் அவருடைய சாக்கடையை மற்றவர்கள் முறைபோட்டு அள்ளினார்கள். அந்தக் காலோடு அவர் இந்த வேலையில் நீடித்தது அப்படித்தான்.

நீடித்தே ஆக வேண்டிய நிலை அவருக்கு. அவர் கணவர் பேரூராட்சியின் நிரந்தரத் துப்புரவுப் பணியாளராக இருந்து, வேலையில் இருக்கும்போதே இறந்தவர். ஆற்றங்கரையில் இருக்கும் ஊழியர் குடியிருப்பில் ஒரு வீடு இருந்தது. வாரிசு வேலை கேட்டுக் கொடுத்த மனுவுக்குப் பதில் வரவில்லை. வீட்டில் குப்பை வேலை பார்க்கிற ஆள் ஒருவர் இருக்கும்வரை இருந்துகொள்ளட்டும் என்று முன்பிருந்த அதிகாரி வாயால் சொல்லிவிட்டுப் போனது மட்டும்தான் அவர் கையில் இருந்தது. வேலை போனால் வீடு போகும். கணவன் விட்டுவிட்டுப் போன மகளும் பேத்தியும் அந்த வீட்டில்தான் இருந்தார்கள்.

அக்கா சொன்னதை நான் உடனே நம்பவில்லை. ஒரு வாரம் கண்ணை அகல வைத்துக்கொண்டு திரிந்தேன். யார் கையிலிருந்தும் யார் கைக்கும் எதுவும் போகவில்லை. நெல் மூட்டை மேஸ்திரியின் மனைவி குத்தகைக்கு எடுத்த வயலில் விளைந்தது என்று தெரிந்தது. பைக் தவணையில் வாங்கியது. அப்படியும் சந்தேகம் முழுசாகப் போய்விடவில்லை. காசு கை மாறுவதை நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான். மாறவே இல்லை என்று எப்படிச் சொல்வது?

புரட்டாசி கடைசியில் ஒரு செய்தி வந்தது. ஆபீஸ் வாட்ச்மேன் மூலம் வந்த செய்தி. ஒப்பந்தம் முடியப் போகிறது, புதிதாக விடுவதற்கு முன்னால் ஆட்களைச் சரிபார்க்க இரண்டு பேர் வருகிறார்கள், மூன்று நாள் தெருத் தெருவாகச் சுற்றுவார்கள் என்றான். ஷெட்டில் அன்றைக்கு யாரும் துடைப்பத்தை எடுக்கவில்லை.

யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்றாள் மீன் மார்க்கெட். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். நான் மேஸ்திரியைப் பார்த்தேன். ஓய்வு பெற அவருக்கு அதிக நாள் இல்லை. ஏதாவது தணிக்கைச் சிக்கல் வந்தால் பென்ஷன் பணம் நின்றுவிடும் என்று பயந்து அவரே முன்கூட்டிப் போய் ஒப்பித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. மேஸ்திரி தன் போனைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த மூன்று நாளும் நடவை விட்டுவிடலாமே என்று பள்ளிவாசல் தெரு கேட்டாள். மீன் மார்க்கெட்தான் நடவுக் கூட்டத்துக்கும் தலைவி. வயல்காரரிடம் வார்த்தை கொடுத்தவள் அவள்.

"ஒரு நாள் வரலன்னு சொல்லிப் பாரு. அந்தாளு வடநாட்டு ஆளுங்கள கொண்டாந்து எறக்கிடுவாரு. அவனுங்க கூலியும் கம்மி, வாயும் இல்ல. அடுத்த வருசம் நம்மள யாரு கூப்புடுவா? உங்க கம்பெனியா?"

கம்பெனிச் சம்பளம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நடவுக் கூலி அன்றைக்கு அன்றைக்கே கைக்கு வந்துவிடும். அதற்குமேல் யாரும் வாதாடவில்லை.

பிறகு அவர்கள் ஒரு திட்டம் போட்டார்கள். வருகிறவர்கள் ஆள் இல்லாத தெருவைத்தான் தேடுவார்கள். ஒரு தெருவில் குப்பை கிடந்தால்தான் இங்கே ஆள் எங்கே என்று கேட்பார்கள். எந்தத் தெருவிலும் ஒரு காகிதம்கூடக் கிடக்காவிட்டால் எதை வைத்துக் கேட்பார்கள்? பாதிப் பேர் வழக்கம்போல நடவுக்குப் போகட்டும், மற்ற பாதி ஊரைத் துடைத்து வைத்துவிடட்டும் என்று பேசி முடித்தார்கள். இதில் எல்லோரையும்விட உறுதியாக நின்றது பஸ் ஸ்டாண்டு அக்காதான். "கேள்வி கேக்க ஒரு எடம் வைக்கக் கூடாது" என்றார். அந்த இடத்தில் நான் இருந்தேன். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

அந்த மூன்று நாளில் அந்த ஊர் இருந்த மாதிரி அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. இரண்டாள் தெருவை ஒருத்தி கூட்டினாள். ஓட்டமும் நடையுமாகத் தள்ளுவண்டி தள்ளினார்கள். மார்க்கெட்டில் மீன் வெட்டும் கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். அக்கா காலை இழுத்துக்கொண்டே பேருந்து நிலையத்தை முடித்து, பின்னால் இருக்கும் இரண்டு சந்துகளையும் முடித்துவிட்டு, என் வண்டி வருவதற்குள் டப்பாக்களை வரிசையாக வைத்திருந்தார். டீக்கடைக்காரர் மந்திரி யாராவது வருகிறாரா என்று கேட்டார். ஒன்பது மணிக்குள் ஊர் சுத்தம். வந்த இரண்டு பேரும் பைக்கில் மெதுவாகச் சுற்றினார்கள், போட்டோ எடுத்தார்கள், யாரையும் எதுவும் கேட்கவில்லை. போகும்போது ஒருவர் மேஸ்திரிக்குக் கை கொடுத்தாராம்.

தப்பித்துவிட்டோம் என்று ஷெட்டில் அன்றைக்கு ஒரே சிரிப்பு. மீன் மார்க்கெட் என்னைப் பார்த்து, "என்ன டிரைவர் சார், உங்க ஆளுங்க ஏமாந்துட்டாங்களா?" என்றாள்.

அடுத்த வாரம் செயல் அலுவலர் எங்களைக் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார். மின்விசிறிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். எங்களை உட்காரச் சொன்னார்கள். டீயும் மிக்சரும் கொடுத்தார்கள். உட்காரச் சொல்லி டீ கொடுப்பவர்களை நான் நம்புவதில்லை. வேலையை விட்டு அனுப்புவதற்கு முன் கேரளத்து முதலாளியும் பரோட்டாவோடு கறி வைத்தான்.

அலுவலர் நல்லபடியாகத்தான் பேசினார். கோபப்படும் ஆள் இல்லை. ஊர் இவ்வளவு சுத்தமாக இருந்ததை வந்தவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பாராட்டினார். எல்லோரும் கை தட்டினோம். பிறகு பேரூராட்சியின் நிலைமையை விளக்கினார். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, வீட்டுக்காரர்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், வரி கேட்டால் கதவைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அரசாங்கம் தரும் நிதியில் தண்ணீர் மோட்டார்களுக்கான மின்கட்டணத்தைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சம் வருகிறது. அந்த மிச்சத்தில்தான் குழாய், விளக்கு, குப்பை எல்லாம். சம்பளத்துக்கு இவ்வளவுக்குமேல் போகக்கூடாது என்று மேலிடத்தில் சொல்கிறார்கள்.

"மூணு நாளும் தெருவுல எத்தன பேர் இருந்தீங்கன்னு பாத்துருக்காங்க. பாதிப் பேரு. பாதிப் பேர வச்சே ஊர் கண்ணாடி மாதிரி இருந்துருக்கு. அப்ப பாதிப் பேர் போதும்ல?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மீதிப் பாதி எங்கே போனார்கள் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் எல்லோரும் பதில் தயாராக வைத்திருந்தார்கள். காய்ச்சல், கோயில், சாவு என்று ஆளுக்கொன்று.

பஸ் ஸ்டாண்டு அக்கா எழுந்தார்.

"சார், அந்த மூணு நாளு நாங்க ஆளுக்கு ரெண்டு தெரு..."

மேஸ்திரி பலமாகச் செருமினார். அக்கா அப்படியே நின்றார். ஆளுக்கு இரண்டு தெரு ஏன் கூட்டினீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். மற்றவர்கள் வயலில் இருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். காலையில் முகம் காட்டிவிட்டு வயலுக்குப் போனார்கள் என்றால் அது மோசடி. பாதிப் பேர் போதாது என்று நிரூபிக்க வேண்டுமானால் எல்லோரும் திருடர்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அக்கா உட்கார்ந்துகொண்டார். டீ கிளாஸைக் காலுக்குக் கீழே வைத்துவிட்டார், குடிக்கவில்லை.

அலுவலருக்கு மீதிப் பாதி எங்கே போனது என்று தெரியாமலா இருக்கும்? நான் இன்றுவரை அதை யோசிக்கிறேன். தெரிந்து கேட்காமல் விட்டாரா, கேட்டால் விசாரணை, பதில், கையெழுத்து என்று தனக்கே வேலை வரும் என்று விட்டாரா? யாராவது போய்ச் சொன்னார்களா என்பதுகூட எனக்கு இப்போது முக்கியமாகப் படவில்லை. ஒப்பந்தம் முடிந்தால் எப்படியும் வந்து ஆளை எண்ணுவார்கள், யாரும் சொல்லியிருக்கத் தேவையே இல்லை. ஆனால் அன்றைக்கு ஷெட்டில் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. ஒருத்தி பேச்சை எடுத்தால் இன்னொருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யார் நிற்பது, யார் போவது என்பதைப் புதுக் கம்பெனி முடிவு செய்யும் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். எப்போது, எப்படி என்று சொல்லவில்லை. கால் முடியாத அக்காதான் முதலில் போவார் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

பில் கலெக்டர் ஒரு நாள் குடியிருப்பு வீட்டுக்கு வந்து, இந்த வீட்டுச் சாவிக்கு இன்னொரு சாவி இருக்கிறதா என்று சும்மா கேட்டுவிட்டுப் போனானாம். மகள் அதைச் சொன்ன பிறகு அக்கா சாக்கடையில் இறங்கிப் பழகத் தொடங்கினார். நிலையத்துக்குப் பின்னால் யாரும் பார்க்காத நேரத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு நல்ல காலை முதலில் இறக்கி, மடங்காத காலை அப்படியே நீட்டியபடி இறக்குவார். ஏறுவதற்கு வெகு நேரம் ஆகும். ஒருமுறை வண்டியை நிறுத்தி நான் கை நீட்டினேன். "வண்டிய எடுங்க" என்றார். அவ்வளவுதான்.

நடவு உச்சத்தில் இருந்த ஒரு நாள், மழை தூறிக்கொண்டிருந்தது. மேஸ்திரி முகங்களைப் பிடித்து முடித்து, லோடு ஆட்டோவும் போன பிறகு, புதுக் கம்பெனியின் ஆள் ஷெட்டுக்கு வந்தான். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. இன்றைக்கே ஆள் எடுக்கிறோம், இருக்கிறவர்கள் எல்லோரும் வாருங்கள் என்றான். நடவுக்குப் போனவர்களுக்கு மேஸ்திரி போன் போட்டார். சேற்றில் நிற்பவர்கள் போனை எங்கே வைத்திருப்பார்கள்? வரப்பில், பையில்.

எனக்கு டிரைவர் கணக்கு தனி என்றும் நான் அப்படியே தொடரலாம் என்றும் சொன்னான். அது போதும், ஷெட்டில் மிச்சமிருந்த சந்தேகமும் உறுதியாகிவிட்டது. பிறகு சோதனை. ஈரக் குப்பை நிறைந்த டப்பாவை ஒவ்வொருத்தரும் தரையிலிருந்து தூக்கி என் வண்டியின் விளிம்பில் வைக்க வேண்டும். நான் மேலே நின்று உள்ளே கவிழ்க்க வேண்டும்.

"அவங்களே தூக்கி வைக்கணும். விளிம்புக்கு வர்றவரைக்கும் நீங்க தொடக் கூடாது" என்றான் என்னிடம்.

ஒவ்வொருத்தராகத் தூக்கினார்கள். தூக்கியவர்களின் ஆதார் எண்ணை அவன் போனில் அடித்துக்கொண்டான். கீழத்தெருவால் தூக்க முடியவில்லை. அவளுக்குப் பிரசவமாகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. டப்பா அவள் மார்புவரை வந்து சரிந்துவிட்டது. ஓரமாக நில் என்றான். பள்ளிவாசல் தெரு தூக்கினாள். பிறகு அக்கா வந்தார்.

முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டார். தூக்குவதற்குக் காலை மடக்க வேண்டும். அவரால் மடக்க முடியாது. குனிந்து முதுகால் தூக்கினார். டப்பா இடுப்புவரை வந்தது, தோள்வரை வந்தது, அங்கே நின்றுவிட்டது. குப்பைத் தண்ணீர் அவர் கழுத்தில் வழிந்து ரவிக்கைக்குள் இறங்கியது. அவர் கண்ணை மூடியிருந்தார். டப்பாவின் காது என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கம்பெனி ஆள் பள்ளிவாசல் தெருவின் எண்ணை அடித்துக்கொண்டிருந்தான். நான் குனிந்து காதைப் பிடித்து இழுத்தேன். அவன் தலையை நிமிர்த்தியபோது டப்பா விளிம்பில் இருந்தது.

"தொட்டீங்களா?"

"இல்ல."

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். எண்ணைக் கேட்டான். சொன்னார்.

ஓரத்தில் நின்ற கீழத்தெரு எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அவன் காதில் விழாமல், எங்கள் காதில் மட்டும் விழும்படி சொன்னாள். "டிரைவர் சாருக்கு ஆள் பாத்துத்தான் கை நீளும்போல." யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

மதியம் லோடு ஆட்டோ வந்தது. மீன் மார்க்கெட்டும் அவளோடு போனவர்களும் கால் சேற்றைக்கூடக் கழுவாமல் ஆபீஸுக்கு ஓடினார்கள். கம்பெனி ஆள் அங்கேதான் இருந்தான். காலையில் வருகை பதிவாகியிருக்கிறது, ஆனால் கூப்பிட்டபோது ஆள் இல்லை, இதற்கு நான் என்ன எழுதுவது, நீங்களே சொல்லுங்கள் என்றானாம். ஊரிலேயே நன்றாகத் தூக்கக்கூடியவர்கள், சாக்கடையில் சலிக்காமல் இறங்குகிறவர்கள், மொத்தமாக வெளியே போனார்கள். மீன் மார்க்கெட் திரும்பி வரும்போது ஷெட் வாசலில் என்னைக் கண்டு நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "நல்லா இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் அதை எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் வண்டியை நிறுத்தினேன். அக்கா இரண்டு நடைமேடைகளையும் முடித்திருந்தார். இனி அவருக்கு மாத்தாள் கிடையாது. இருக்கிற பாதிப் பேருக்கு ஆளுக்கு இரண்டு தெரு நிரந்தரமாகிவிட்டது, யார் யாருக்காக எந்தச் சாக்கடையில் இறங்குவார்கள்? மழை வேறு வலுத்துக்கொண்டிருந்தது. வேலை இருந்தது, வீடு இருந்தது, கால் அப்படியேதான் இருந்தது.

நான் டப்பாக்களைக் கவிழ்த்து முடிக்கும்வரை அவர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பார்த்திருந்தார். பிறகு கேட்டார்.

"எதுக்கு இழுத்தீங்க?"

கைக்கு எட்டியது, இழுத்தேன். அதைச் சொன்னால் நானே நம்பமாட்டேன்.

"சும்மாதான் அக்கா."

"சும்மா யாருங்க செய்வா." அவர் குரலில் கோபம் இல்லை. விலை கேட்கிற மாதிரிதான் கேட்டார். "புருசன் விட்டுட்டுப் போன பொண்ணு வீட்டுல இருக்கு. ஊரு ஏற்கெனவே பேச ஆரம்பிச்சுடுச்சு. என்ன வேணும்னு இப்பவே சொல்லிடுங்க. நாளைக்கு வந்து நிக்கக் கூடாது."

எதுவும் வேண்டாம் என்றேன். அது அவரை இன்னும் பயமுறுத்தியது என்று முகத்தில் தெரிந்தது. கடைக்குப் போய் ஒரு டீயும் இரண்டு மெதுவடையும் வாங்கி வந்தார். தானே காசு கொடுத்தார். டீ கிளாஸை என் வண்டியின் முன்பக்கத்தில் வைத்து, வடைப் பொட்டலத்தால் அதை மூடினார். டீக்கடைக்காரர், கண்டக்டர்கள், காத்திருந்த பயணிகள் எல்லோருக்கும் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

"இதோட சரியாப் போச்சு. எனக்கும் உங்களுக்கும் ஒண்ணும் பாக்கி இல்ல."

நான் அவர் எதிரிலேயே இரண்டு வடையையும் தின்று டீயையும் குடித்தேன். கடைசி வாய்வரை அவர் நின்று பார்த்தார். கிளாஸை வாங்கிக் கடையில் கொடுத்துவிட்டு, மம்பட்டியை எடுத்துக்கொண்டு நிலையத்தின் பின்பக்கமாக நடந்தார். நான் வண்டியை எடுத்தேன். தை பிறப்பதற்கு முன் அந்த ஊரை விட்டுப் புறப்பட்டுவிட்டேன். அதுவரை அவர் என்னை நீங்க என்றுதான் கூப்பிட்டார்.